காரியவட்டத்தில் ஆட்டமில்லாத ஒரு நாள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எந்த ஆட்டமும் இல்லாத நாளாகப் பார்த்து, அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக் காரியவட்டம் மைதானத்துக்குப் போனேன். "மேட்ச் இல்லாத நாள்ல அங்க என்ன மாமா பாக்கதுக்கு இருக்கு?" என்று குழித்துறை ரயில் நிலையத்திலேயே அவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஒரு பெரிய விளையாட்டு விழா ஓர் ஊரை என்ன செய்துவிட்டுப் போகிறது என்பதைக் கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். பதினான்கு வயதுப் பையனிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க ரயில் வருவதற்குள் நேரம் போதவில்லை.

கேரள எல்லையில், களியக்காவிளையை ஒட்டி வாழும் எங்களுக்கு நாகர்கோவில் கலெக்டர் அலுவலகம் இருக்கிற ஊர். திருவனந்தபுரம்தான் பெரிய ஊர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது எல்லைக்கோடு மாறியதே தவிர, நாங்கள் பஸ் ஏறும் திசை மாறவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரிந்த திருவனந்தபுரம் மிகச் சிறியது. தம்பானூரில் இறங்கி, கிழக்கேகோட்டையைச் சுற்றி, சாலைக் கம்போளத்துத் தமிழ் வியாபாரிகளிடம் பேரம் பேசி, பாளையத்தோடு திரும்பிவிடுவோம். அதற்கு வடக்கே கழக்கூட்டம், காரியவட்டம் என்பவையெல்லாம் கேரளப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனவர்களும் டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் வேலை கிடைத்தவர்களும் சொல்லும் பெயர்களாகவே இருந்தன.

அந்த வடக்கு மூலைக்கு என்னை முதலில் இழுத்துப் போனது 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டி. 1987-க்குப் பிறகு கேரளத்துக்கு இரண்டாம் முறையாகக் கிடைத்த வாய்ப்பு அது. 2015 ஜனவரி 31-ஆம் தேதி மாலை, பல்கலைக்கழக நிலத்தில் புதிதாக எழுந்த மைதானத்தில் தொடக்க விழா நடந்தது. பி. டி. உஷாவும் அஞ்சு பாபி ஜார்ஜும் சுடர் ஏற்றிய அந்த நேரத்தில், நுழைவுச் சீட்டு கிடைக்காத நானும் நண்பரும் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று, கூரை விளிம்புக்கு மேலே எழுந்த வெளிச்சத்தையும் வாணவேடிக்கைப் புகையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். விழாவின் சின்னமான மலைமொங்கான் பறவை அம்மு, பாறசாலை முதல் கழக்கூட்டம் வரை தட்டிகளில் சிரித்துக்கொண்டிருந்தது.

சில நாட்கள் கழித்து நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, எம்.சி. சாலையில் உள்ள பிரப்பன்கோட்டுக்கு நீச்சல் பார்க்கப் போனேன். அங்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சர்வதேச அளவில் ஒரு நீச்சல் குளம்! கேரளத்துக்காக நீந்திய சஜன் பிரகாஷ் அந்த விழாவில் மட்டும் 6 தங்கமும் 3 வெள்ளியும் வென்றார். இடுக்கியில் பிறந்தவர் என்றாலும், அம்மாவுக்கு நிலக்கரி நிறுவனத்தில் வேலை என்பதால் வளர்ந்ததும் நீந்தப் பழகியதும் நம் நெய்வேலியில். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெஞ்ஞாறமூட்டுக்காரரிடம் இதை நான் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அவர் ரசித்ததாகத் தெரியவில்லை. அதே சஜன்தான் 2021-இல் ரோமில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடிகளில் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் 'ஏ' நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானார்.

இரண்டாவது முறை போனது கால்பந்துக்காக. 2016 ஜனவரி 3-ஆம் தேதி தெற்காசியக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் காரியவட்டத்தில் நடந்தது. தூத்தூர், வள்ளவிளை, நீரோடி ஆகிய எங்கள் கடற்கரை ஊர்களில் கிரிக்கெட்டைவிடக் கால்பந்துக்குத்தான் மவுசு என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தூத்தூர்ப் பையன்கள் வாடகைக்கு எடுத்த வேனில் எனக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். ஆப்கானிஸ்தான் முதல் கோலைப் போட்டதும் செத்த வீடு மாதிரி அமர்ந்துவிட்ட வேன் கூட்டம், இந்தியாவின் ஜேஜே சமன் செய்து, கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி அடுத்த கோலை அடித்தபோது, பூவாறு வரைக்கும் கேட்கும்படி கத்தியது.

மூன்றாவது பயணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, அதில் பாதிக்கு மேல் மழையாக இருந்தபோதிலும். 2017 நவம்பர் 7, இந்தியா – நியூசிலாந்து இருபது ஓவர் ஆட்டம். அந்த மைதானத்தின் முதல் சர்வதேசக் கிரிக்கெட் ஆட்டம். 1988 ஜனவரியில் நகருக்குள் உள்ள பழைய பல்கலைக்கழக மைதானத்தில் ஸ்ரீகாந்த் சதமடித்தும் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளிடம் தோற்ற அந்த ஒருநாள் ஆட்டத்துக்குப் பிறகு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இந்த நகரத்துக்குச் சர்வதேசக் கிரிக்கெட்டே வரவில்லை. அவ்வளவு காலம் காத்திருந்த கூட்டம் மழைக்கு எழுந்து போகுமா? எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தலையில் ஒரு துணிக்கடைப் பையைக் கவிழ்த்துக்கொண்டு, ஒவ்வொரு முறை பணியாளர்கள் தார்ப்பாயை இழுத்துத் தண்ணீரை வழியவிட்டபோதும் சிக்ஸர் அடித்ததுபோலக் கைதட்டினார். இரவு ஒன்பதரை மணிவாக்கில் ஆளுக்கு 8 ஓவர் என்று தொடங்கிய ஆட்டத்தில் இந்தியா 67 ரன் எடுத்து, 6 ரன் வித்தியாசத்தில் வென்றது. மறுநாள் பத்திரிகைகள் பும்ராவின் பந்துவீச்சோடு சேர்த்து, அத்தனை மழையையும் வடித்துவிட்ட தரையையும் பாராட்டின. விளம்பரப் பலகையால் கிடைக்காத பெயரை வடிகால் வாங்கிக் கொடுத்தது என்பேன். திரும்பும்போது கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, தம்பானூரில் விடியும்வரை கொசுக்கடியோடு உட்கார்ந்திருந்தது தனிக்கதை.

அதற்கு நேர்மாறானது நான்காவது பயணம். 2023 ஜனவரி 15, பொங்கல் தினம், இந்தியா – இலங்கை ஒருநாள் ஆட்டம். வீட்டில் பொங்கல் பானையை இறக்கிவைத்த கையோடு கிளம்பினோம். கோலி 166 ரன், கில் 116 ரன், இந்தியா 390. இலங்கை 73-க்குள் சுருண்டது. 317 ரன் வித்தியாசம் என்பது ஒருநாள் கிரிக்கெட்டில் அப்போது உலக சாதனை; 2025-இல்தான் அது முறிந்தது. 2008-இல் அயர்லாந்தை 290 ரன்னில் வென்ற நியூசிலாந்தின் சாதனை முறிந்தது இந்த மண்ணில்தான். அத்தனையும் நடந்த அரங்கத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. தொடரை இந்தியா ஏற்கெனவே வென்றிருந்தது, சபரிமலை மகரவிளக்குக் காலம், கேளிக்கை வரி 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக உயர்ந்து அமைச்சர் மட்டத்தில் வாக்குவாதமாகி இருந்தது என்று பல காரணங்கள் சொன்னார்கள். எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் இந்த நகரத்தின் பெயரைப் பார்த்த நாளில், பெயருக்குப் பின்னால் காலி நாற்காலிகளையும் சேர்த்தே பார்த்தது. விருந்துக்கு ஊரையே அழைத்துவிட்டு இலை போட ஆளில்லாமல் நின்ற வீடுபோல இருந்தது எனக்கு.

விழாவுக்காகக் கட்டிவிட்டு, பிறகு அதைக் கட்டி மேய்ப்பது எல்லா ஊருக்கும் உள்ள தலைவலி. 1976 ஒலிம்பிக்குக்காக வாங்கிய கடனை மாண்ட்ரியல் நகரம் 2006-இல்தான் அடைத்து முடித்தது. காரியவட்டத்தில் அந்த வம்பு வேண்டாம் என்றுதான், தனியார் நிறுவனமே வடிவமைத்து, கட்டி, சில ஆண்டுகள் நடத்தி, பிறகு ஒப்படைப்பது என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். இந்தியாவில் ஒரு மைதானத்துக்கு அந்த முறை அப்போது புதிது. நம் பக்கம் 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடுக்குப் புதிய விளையாட்டு மைதானம் எதுவும் தேவைப்படவில்லை. நேப்பியர் பாலத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் வரைந்து, வேட்டி கட்டிய குதிரைக்குத் 'தம்பி' என்று பெயர் வைத்ததிலேயே சென்னையின் பெயர் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. செஸ்ஸுக்கு அது போதும். நீச்சலுக்குக் குளம் வேண்டும், சைக்கிளுக்கு வளைந்த தடம் வேண்டும், ஹாக்கிக்குச் செயற்கைப் புல் வேண்டும். தேசியப் போட்டி முடிந்து கொல்லத்தில் ஹாக்கி மைதானமும், காரியவட்டத்து உடற்கல்விக் கல்லூரியில் சைக்கிள் ஓடுதளமும், வட்டியூர்க்காவில் துப்பாக்கி சுடும் தளமும் எஞ்சின. கூட்டம் கூடும் பெரிய மைதானத்தைவிட இந்தச் சின்ன இடங்கள்தான் ஏழு மாவட்டங்களில் நடந்த அந்த விழாவின் உண்மையான சொத்து என்பது என் கணக்கு. கழக்கூட்டம் இன்று இருக்கும் இருப்புக்கு விளையாட்டைவிட 1990-இல் வந்த டெக்னோபார்க்தான் முதல் காரணம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். மைதானத்து வாசலில் காவலாளி, "அகத்து கேறான் பற்றில்லா" (உள்ளே போக முடியாது) என்று தலையசைத்துவிட்டார். கம்பிக் கதவின் இடைவெளியில் தெரிந்ததெல்லாம் ஒரு துண்டுப் பச்சைப் புல்லும், அதன்மேல் சுழன்று சுழன்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஒரு குழாயும்தான். மருமகன் அதையே ஐந்து நிமிடம் பார்த்தான். பிறகு எதிரே சாயா குடிக்கப் போனோம். எங்கள் பேச்சைக் கேட்டதும் கடைக்காரர், "நமக்கு விளவங்கோடு பக்கமாக்கும்" என்று தமிழில் தொடங்கிவிட்டார். மேட்ச் நாளில் கச்சவடம் (வியாபாரம்) கொழிக்குமே என்று கேட்டதற்கு வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணைக்கு ரோட்டையே அடைச்சுப் போடுவாவ தம்பி, இங்க ஒரு மனுசன் நிக்க முடியாது. எனக்குக் கச்சவடம் காலத்த நடக்க வாறவங்களும், யூனிவர்சிட்டிப் பிள்ளையளும், பிராக்டீசுக்கு வாற பயலுவளும்தான்." 2024-இல் தொடங்கிய கேரள கிரிக்கெட் லீக் ஆட்டங்கள் எல்லாம் இங்கேயே நடப்பதால் அந்த நாட்களில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பழம்பொரி போடுவதாகவும் சொன்னார்.

மருமகன் அதுவரை பேசவில்லை. இரண்டாவது பழம்பொரியை முடித்துவிட்டு, "அந்த நெய்வேலிக்காரர் நீந்துன குளம் இங்கேருந்து எவ்வளவு தூரம் மாமா?" என்றான். ரயிலில் நான் சொன்ன கதையில் அவன் காதில் விழுந்தது அது ஒன்றுதான் போலும். போத்தன்கோடு வழியாக வெஞ்ஞாறமூடு போகும் பஸ்ஸில் ஏறினால் பிரப்பன்கோட்டுக்குப் போய்விடலாம் என்று கடைக்காரர் வழி சொன்னார். மணி மூன்றரை ஆகியிருந்தது. மாலை ரயிலை விட்டுவிடுவது என்று முடிவு செய்து, அக்காவுக்குப் போன் போட்டு இரவாகும் என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தைத் தேடிக்கொண்டு நடந்தோம்.