ஐம்பது புளியங்கொட்டை

ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது டயட்டீஷியன் என் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பைக் கொடுத்தார். இருமல் மருந்து ஊற்றிக் குடிப்போமே, அந்த மாதிரி. 30 மில்லி. "இப்போதைக்கு உங்க வயிறு இவ்வளவுதான் சார்" என்றார். 131 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு அந்தக் கப்பைப் பார்க்க எனக்குச் சிரிப்புதான் வந்தது.

எனக்குச் செய்தது பைபாஸ். இதயத்தில் செய்வது அல்ல, எடை குறைய இரைப்பையில் செய்வது. மேலே ஒரு சின்னப் பையை மட்டும் விட்டுவிட்டு, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள். பன்னிரண்டு வருஷச் சர்க்கரை நோய், ராத்திரியானால் நெஞ்செரிச்சல், இரண்டும் இருந்ததால் இதுதான் சரிப்படும் என்றார்கள். புதுச்சேரியில் செய்துகொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன்.

முதல் சிக்கல் தண்ணீர். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போயாக வேண்டும், ஆனால் மடக்மடக்கென்று குடிக்கக் கூடாது. அந்தக் கப்பால் கணக்குப் போட்டால் ஐம்பது கப். பத்து கப்புக்கு மேல் எண்ணிக்கை மறந்துபோனது. என் மகள்தான் ஒரு கிண்ணத்தில் ஐம்பது புளியங்கொட்டையை எண்ணிப் போட்டு, "ஒரு கப் குடிச்சா ஒண்ணு எடுத்து இன்னொரு கிண்ணத்துல போடுப்பா" என்றாள். முதல் நாள் முப்பத்தொன்றோடு நின்றது. தலைவலி, நாக்கு வறட்சி. ஒரு வாரம் கழித்துத்தான் கிண்ணம் காலியானது.

முதல் இரண்டு வாரம் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், நீர்மோர், புரதப் பவுடர் கரைத்த பால். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. சத்துமாவுக் கஞ்சி காய்ச்சி, "நாட்டுச் சர்க்கரைதான் போட்டிருக்கேன், ஒண்ணும் பண்ணாது" என்று நீட்டினார். நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் எல்லாமே குடலுக்குச் சர்க்கரைதான். இதை அம்மாவிடம் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஆபரேஷனைவிட அதிக நாள் ஆனது.

அப்புறம் சோறு. எல்லோரும் சோற்றைப் பற்றித்தான் பயமுறுத்தினார்கள். எனக்கு அது பெரிய தொல்லையாக இல்லை, ஏனென்றால் அந்தச் சின்னப் பையே காவல்காரன். இரண்டாம் மாதம் பழைய ஞாபகத்தில் நாலு வாய் சாம்பார் சோற்றை வேகமாக விழுங்கினேன். நெஞ்சுக்கு நடுவில் கல் மாதிரி நின்றது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, கடைசியில் வாந்தி. அதோடு கை தானாகவே அடங்கிவிட்டது. இப்போது தட்டில் முதலில் மீனோ முட்டையோ சுண்டலோ, அடுத்து காய், கடைசியாக இடம் இருந்தால் இரண்டு ஸ்பூன் சோறு. நாளுக்கு 60 கிராமாவது புரதம் சேர வேண்டும். முதுநகர் துறைமுகத்தில் சுறா வாங்கிப் புட்டு செய்துவிட்டால் அன்றைக்குக் கவலையே இல்லை, மெத்தென்று இறங்கும்.

திரவத்துக்குத்தான் காவலே கிடையாது. ஒரு வாய் சோற்றை நிறுத்துகிற வயிறு ஒரு டம்ளர் ஜூஸை நிறுத்தாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். இதை நான் கற்றுக்கொண்டது பதினாலாம் மாதம், கத்திரி வெயிலில். திருப்பாதிரிப்புலியூரில் என் ஹார்டுவேர் கடை. கரண்ட் இல்லை. எதிரே கரும்புச் சாறு வண்டி, மணிச் சத்தம். 40 கிலோ குறைந்த தைரியம் வேறு. ஒரு பெரிய டம்ளர் வாங்கி நின்ற வாக்கில் குடித்தேன். கால் லிட்டர் கரும்புச் சாற்றில் 30 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். கால் மணி நேரம் ஆகவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்தது, சட்டை நனைந்தது, வயிறு முறுக்கியது. பக்கத்துக் கடைக் கழிவறைக்கு ஓடினேன். கடையில் இருக்கிற தம்பி ஹார்ட் அட்டாக் என்றே நினைத்துவிட்டான்.

முடிந்தது என்று பார்த்தால், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு கூத்து. பில் எழுதும்போது கை நடுங்கியது, எழுத்து மங்கியது. பழைய பழக்கத்தில் கல்லாவிலேயே கிடந்த குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தால் 56. இனிப்பு குடித்தவனுக்குச் சர்க்கரை இறங்குமா?

இறங்கும் என்றார் டாக்டர். சர்க்கரை மொத்தமாகச் சிறுகுடலில் போய் விழும்போது குடல் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. முதல் படபடப்பு அதனால். இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏற, உடம்பு பதறிப்போய் இன்சுலினை அளவுக்கு மேல் சுரக்கிறது. இரண்டாவது நடுக்கம் அதனால். அப்படி இறங்கினால் கொஞ்சமாகக் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, ஏறியதும் வேர்க்கடலையோ முட்டையோ சாப்பிடச் சொன்னார். பயந்துபோய் ஒரு சொம்பு சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் ராட்டினம் மறுபடி முதலிலிருந்து சுற்றும்.

அன்று ராத்திரி உட்கார்ந்து பழைய கணக்கைப் போட்டேன். கடைக்கு வருகிற வியாபாரிகளோடு நாளுக்கு ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. டீயிலேயே 60 கிராம் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், சோற்றைத் திட்டிக்கொண்டே. இப்போது சர்க்கரை இல்லாமல் இரண்டு டீ, அதுவும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் டீக்கும் இரண்டு மணி நேரம் தள்ளி. வெயிலுக்கு இஞ்சி தட்டிப் போட்ட நீர்மோர். இளநீர் அரை டம்ளர். கோலி சோடா, பன்னீர் சோடா எதையும் தொடுவதில்லை. கேஸ் அந்தச் சின்னப் பையில் போய் நின்றால் படும் அவஸ்தை ஒரு தடவை போதும்.

இன்னொரு 'குடி'யும் இருக்கிறதே. முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி, நண்பர்கள் சும்மா விடுவார்களா? "ஒரே ஒரு பீர்டா மச்சான்." பைபாஸ் ஆனவனுக்குச் சரக்கு மளமளவென்று இரத்தத்தில் ஏறும், கொஞ்சத்துக்கே தலை கிறுகிறுக்கும், இறங்கவும் நேரமாகும். சாப்பாட்டு ஆசை போய் அந்த இடத்தில் குடி வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று தடவை கிண்டல் செய்தார்கள். நாலாவது தடவை வண்டி ஓட்ட ஆள் கிடைத்தான் என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு இன்னமும் கஷ்டம், சாப்பிடும்போது எதுவும் குடிக்காமல் இருப்பதுதான். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். ரசத்தையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அம்மா அதைத் தனி டம்ளரில் ஊற்றி மூடி வைத்துவிட்டு, டிவி பார்த்துக்கொண்டே கடிகாரத்தையும் பார்ப்பார். "அரை மணி ஆயிடுச்சு, ஆறிப்போவுது பாரு" என்று சத்தம் வரும். போய் எடுத்துக்கொள்வேன்.