தலையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன்

பித்தப்பையை எடுத்து முடித்து என்னை எழுப்பியபோது "தலையைத் தூக்குங்க" என்றார்கள். ஐந்து விநாடி தூக்கிப் பிடித்தேன். சரி என்று வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் இமை திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, ஒவ்வொரு மூச்சும் பாதியிலேயே நின்றுபோனது, அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் நாக்கு குழறியது. மயக்கம் தெளியாமல் உளறுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல், எக்ஸ்ரேயில் நிமோனியா.

இரண்டு வருடம் கழித்து ஹெர்னியாவுக்காகத் திரும்பவும் முழு மயக்கம் என்றதும் வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். தூங்க வைக்கும் மருந்தோடு ரோகுரோனியம் போன்ற தசைத் தளர்வு மருந்தும் தருகிறார்கள், அது நரம்பு அனுப்பும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் தடுக்கிறது. அதன் மிச்சம் உடம்பில் இருந்தால் மூச்சு விடுகிற உதரவிதானம் முதலில் தேறிவிடும், தொண்டைத் தசைகள் பின்தங்கும், எச்சில் நுரையீரலுக்குள் இறங்க வழி கிடைக்கும். என் நிமோனியா அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று தொண்டை என் வசத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இது புதிய கவலையும் இல்லை. இவ்வகையில் முதல் மருந்தான குராரே மயக்கவியலுக்குள் வந்தது 1942-இல், 1954-லேயே பீச்சர், டாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட ஆறு லட்சம் மயக்கங்களை அலசி, இம்மருந்துகள் கொடுக்கப்பட்டவர்களிடம் மரணம் அதிகம் என்று எழுதிவிட்டார்கள். பிறகு ஐரோப்பாவில் 28 நாடுகளில் 22,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்த பாப்புலர் (POPULAR) என்ற ஆய்வும், இம்மருந்துகள் பெற்றவர்களுக்கு நுரையீரல் சிக்கல் அதிகம் என்றது. தசைத் தளர்வை அளக்கும் கண்காணிப்புக் கருவியோ அதை நீக்கும் முறிப்பு மருந்தோ பயன்படுத்தியும் அந்த ஆபத்து குறையவில்லை என்று அதில் படித்தபோது மனம் விட்டுப்போனது.

இதையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டுபோய் மயக்க மருத்துவரிடம் நீட்டினேன். அவர் கோபப்படவில்லை. "அது நடந்ததைப் பார்த்துக் குறிச்ச ஆய்வு, கருவி இருந்தா மட்டும் போதாது, எண் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்" என்றார். மணிக்கட்டு நரம்பில் நான்கு முறை மின்துடிப்பு கொடுப்பார்களாம், நான்காவது தடவை கட்டைவிரல் அசைவது முதல் தடவை அசைந்ததில் 0.9 பங்காவது இருந்தால்தான் மூச்சுக்காகத் தொண்டைக்குள் போட்ட குழாயை எடுக்கலாம். தலையைத் தூக்கிக் காட்டுவதை நம்ப முடியாது, மருந்து மிச்சமிருக்கும்போதே பலர் தூக்கிவிடுவார்கள் என்றும் சொன்னார். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரோகுரோனியத்தை அப்படியே பிடித்து அடைத்துவிடும் சுகமாடெக்ஸ் என்ற முறிப்பு மருந்தைத் தருவதாகவும் சொன்னார்.

இந்த முறை விழித்ததும் முதலில் எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். இறங்கியது. சாயங்காலம் அவர் வந்தபோது எண்ணைக் கேட்டேன், 0.96. டிஸ்சார்ஜ் தாளில் மருந்தின் பெயரோடு அதையும் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.