கிரீன் கார்டு மெடிக்கலும் எச்.ஐ.வி.யும்: சளி கல்ச்சருக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள்

எச்.ஐ.வி. இருந்தால் அமெரிக்காவுக்குக் குடியேற விடமாட்டார்கள் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 1987-இல் வந்த அந்தத் தடை 2010 ஜனவரி 4 அன்று நீங்கிவிட்டது. மெடிக்கலில், அதாவது விசாவுக்காகச் செய்யும் மருத்துவப் பரிசோதனையில், எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனையே இப்போது கட்டாயமில்லை. டி.எஸ்.-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பப் படிவத்தில், பொதுச் சுகாதாரத்தைப் பாதிக்கும் தொற்றுநோய் உண்டா என்று ஒரு கேள்வி வரும். காசநோய், சிபிலிஸ், கொனோரியா, தொழுநோய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, எச்.ஐ.வி. இல்லை. ஆகவே எச்.ஐ.வி. மட்டும் இருப்பவர் 'இல்லை' என்று குறிப்பதுதான் சரியான பதில். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பேனல் டாக்டர் (மெடிக்கல் செய்ய அமெரிக்கத் தூதரகம் நியமித்த மருத்துவர்) முன்னால் உட்காரும்போது கதை வேறு. என்ன நோய், என்ன மாத்திரை என்று அவர் கேட்பார். அங்கே மறைக்கக் கூடாது. சொன்னால் விசா போய்விடாது, ஆனால் நாள் கூடும். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடலில் காசநோய் இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியலாம். அதனால் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தவர்களுக்கு, எக்ஸ்ரே எப்படி இருந்தாலும், மூன்று முறை சளி எடுக்கிறார்கள். காலை வேளையில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 24 மணி நேரம் இடைவெளி விட்டு. சளியை நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர் முடிவு சீக்கிரம் வந்துவிடும். சளியில் காசநோய்க் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு எட்டு வாரம் வரை ஆகலாம்.

தேதிகள் குழம்புவது இங்கேதான். தூதரக நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பு மெடிக்கலுக்குப் போனால், கல்ச்சர் வரும்வரை விசா நிற்கும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் மாதிரி பயன்படாது. ஆழமாக இருமி, நெஞ்சிலிருந்து வரும் சளியைக் கொடுக்க வேண்டும். கல்ச்சர் நெகட்டிவ் என்று வந்த பிறகும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மெடிக்கல் மூன்று மாதமே செல்லும், மற்றவர்களுக்குப் போல ஆறு மாதம் அல்ல. விசாவின் கடைசித் தேதியும் அதை ஒட்டியே அமையும். விசா கைக்கு வரும்வரை டிக்கெட் போடாதீர்கள், வேலையை விடாதீர்கள்.

தடுப்பூசியையும் கவனியுங்கள். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா), சின்னம்மை ஊசிகளில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அணுக்களின் அளவான சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இருந்தால் அவற்றைப் போடக் கூடாது. மருத்துவக் காரணத்தால் போடவில்லை என்று டாக்டர் படிவத்தில் குறித்தால் போதும். தனியாக விலக்கு மனுவோ கட்டணமோ தேவையில்லை. கடைசி சி.டி.4, வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) ரிப்போர்ட்டுகள், மாத்திரைச் சீட்டு, முன்பு காசநோய் வந்திருந்தால் சிகிச்சை முடித்த சான்று ஆகியவற்றை முதல் நாளே கொண்டுபோங்கள். ரிப்போர்ட் இல்லாமல் போய், டாக்டர் திருப்பி அனுப்பி, ஒரு வாரம் வீணாவது தேவையில்லாத வேதனை.

அரசு உதவியை நம்பியே வாழ வேண்டிவருமா என்று பார்க்கும்போது தூதரக அதிகாரி உடல்நலத்தையும் கணக்கில் எடுக்கலாம். விசா தருவதா வேண்டாமா என்ற முடிவில் எச்.ஐ.வி. பேச்சுக்கு வரக்கூடியது இந்த வழியில்தான். ஸ்பான்சர் தரும் ஐ-864 (பொருளாதார ஆதரவு உறுதிப் படிவம்) காட்டும் வருமானத்தோடு, வேலைக் கடிதம், சேமிப்பு, அங்கே கிடைக்கப்போகும் காப்பீடு பற்றிய தாள்களையும் தயாராக வையுங்கள்.

பயண நாளில் மாத்திரைகளை அவற்றின் சொந்த டப்பாவிலேயே, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு, அது வராமல் போனால் மருந்து விட்டுப்போகும்.