எனக்கு மட்டும் ஒரு விளக்கம்

திருமணத்தின்வழி வந்த கிரீன் கார்டுக்கான அமெரிக்கக் குடியேற்ற நேர்காணலில் அதிகாரி, எங்கே சந்தித்தீர்கள், வாடகையை யார் கட்டினார்கள், வருமான வரியைச் சேர்ந்து தாக்கல் செய்தீர்களா, எந்த மாதம் வீட்டை விட்டு வெளியேறினீர்கள் என்றெல்லாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். "அவரை நீங்கள் காதலித்தீர்களா?" என்பது அந்தப் பட்டியலில் சேருமா என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகம்தான். ஆனால் கேள்வியைச் சந்தேகிப்பதற்கு மொழிபெயர்ப்பாளரான எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. கேட்டதைத் தமிழில் சொன்னேன்.

நேர்காணலுக்கு வந்திருந்த பெண், கேட்ட அதிகாரியைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தன் வக்கீலையும் பார்க்கவில்லை. என்னிடம் திரும்பி, "அக்கா, நான் என்ன சொல்லட்டும்?" என்றாள்.

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

நடந்தது இவ்வளவுதான். கண்ணீர், கூச்சல், கதவை அடித்துச் சாத்துதல் எதுவும் இல்லை. ஆனாலும் அடுத்த நேர்காணலுக்கு வண்டியை எடுக்கும்போதெல்லாம் அந்த ஒரு வரியை நான் மறுபடி மொழிபெயர்க்கிறேன். சில நாள் சொல்லிவிடுகிறேன், சில நாள் விழுங்கிவிடுகிறேன்.

பின்னணி, அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான். குடிமகனை மணந்து வரும்போது திருமணத்துக்கு இரண்டு வயது ஆகாமல் இருந்தால், கையில் கிடைப்பது நிபந்தனையோடு கூடிய இரண்டு ஆண்டு கிரீன் கார்டு, அதாவது நிரந்தரவாசி அட்டை. 1986இல் பொய்த் திருமணங்களைத் தடுக்க வந்த சட்டத்தின் ஏற்பாடு அது. அந்த இரண்டு ஆண்டு முடிவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 படிவத்தைக் கொடுத்து நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். இடையில் விவாகரத்து ஆகிவிட்டால் சேர்ந்து கையெழுத்துப் போட ஆள் இல்லை. அப்போது விலக்குக் கேட்டுத் தனியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் முறிந்துபோன அந்தத் திருமணம் தொடங்கும்போது உண்மையாகத்தான் தொடங்கியது என்று நிரூபிக்கும் பாரம் விண்ணப்பித்தவர் தலையில் விழும். நிராகரித்தால் அடுத்து குடியேற்ற நீதிபதியின் முன் நிற்க வேண்டியதுதான்.

யோசித்துப் பாருங்கள், இது விநோதமான வேலை. விவாகரத்து நீதிமன்றத்தில் அந்தத் திருமணம் எப்படியெல்லாம் சரிப்படவில்லை என்று சொல்லிவிட்டு வந்தவள், இங்கே அது எப்படியெல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஒரே வாயால் இரண்டையும் தடுமாறாமல் சொல்ல எல்லோருக்கும் வராது.

இதை எழுதுவதற்கே எனக்குத் தயக்கம் உண்டு. நேர்காணலின் தொடக்கத்தில் நான் கையெழுத்திடும் ஜி-1256 படிவத்தில், அங்கே கேட்ட சொந்த விவரங்களை வெளியே விடமாட்டேன் என்ற உறுதியும் இருக்கிறது. ஆகவே ஊர், ஆண்டு, தொழில், ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் இங்கே இல்லை. சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். அதே படிவத்தில்தான், இரு தரப்பும் பேசுவதைச் சரியாகவும் சொல்லுக்குச் சொல்லும் முழுமையாகவும் பெயர்ப்பேன் என்ற வரியும் இருக்கிறது. வலது கையை உயர்த்திச் சத்தியமும் செய்கிறோம். முழுமையாக என்றால் முழுமையாகத்தானே?

காத்திருப்பு அறையிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன். எல்லோரிடமும் சொல்வதுதான். "உள்ளே போனபிறகு என்னிடம் பேசாதீர்கள். அதிகாரியிடமே பேசுங்கள். நீங்கள் வாய்விட்டுச் சொல்வது எதுவானாலும் ஆங்கிலத்தில் போய்விடும். என்னால் உங்களுக்கு உதவ முடியாது." அவள் தலையாட்டினாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை தலையாட்டுவதைப் போல, காதில் ஏறாமல் ஆட்டினாளா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னேன். அதில் எனக்குக் குழப்பமே இல்லை.

அந்த வரியை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அதிகாரியின் விரல்கள் தட்டச்சுப் பலகையின்மேல் நின்றன. நல்ல மனிதர்தான், அதுவரை அவசரப்படுத்தாமல், வங்கிக் கணக்குத் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு பொறுமையாகக் கேட்டுவந்தவர். "இங்கே என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?" என்று அவளைக் கேட்டார். இல்லை என்றாள். "இந்த மொழிபெயர்ப்பாளர் உங்கள் உறவினரா?" இல்லை என்றாள். அவர் என்னைப் பார்த்தார்.

எங்கள் வேலையில் 'நான்' என்று சொன்னால் அது எப்போதும் அடுத்தவருடைய 'நான்'. நமக்காகப் பேச வேண்டி வந்தால் மூன்றாம் மனிதராகப் பேச வேண்டும். அப்படியே பேசினேன்: "மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் தர அனுமதி கேட்கிறார்." தலையசைத்தார். தமிழில் வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அக்கா என்று அழைப்பது வழக்கம், அதற்கு உறவு இருக்கவேண்டியதில்லை, இந்தப் பெண்ணை வழக்கறிஞர் அலுவலகம் என்னை அமர்த்தியபிறகே எனக்குத் தெரியும் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். முகம் தெளிந்தது. என்னைப் பற்றிய சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

என்னை உறுத்துவது அந்த வரியை மொழிபெயர்த்தது அல்ல. இந்த விளக்கம்தான்.

அவள் சொன்ன வாக்கியத்தில் இரண்டு பாதிகள் இருந்தன. 'அக்கா' என்ற பாதி என்மேல் சந்தேகத்தைக் கொண்டுவந்தது. அதற்கு விளக்கம் தந்தேன். 'என்ன சொல்லட்டும்' என்ற பாதி அவள்மேல் சந்தேகத்தைக் கொண்டுவந்தது. அதற்கு நான் வாய் திறக்கவில்லை. பதில் சொல்லித்தரும்படி அவள் கேட்கவில்லை, இப்படியொரு கேள்விக்கு ஒருத்தி என்னவென்று பதில் சொல்வாள் என்ற திகைப்பு அது என்று தமிழ் தெரிந்த எவருக்கும் புரிந்திருக்கும். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்.

என் பக்க நியாயமும் பலவீனமானதல்ல. அக்கா என்ற அழைப்பு மொழி வழக்கு. அதை விளக்குவது என் வரம்புக்குள். அவள் மனத்தில் என்ன ஓடியது என்பது என் ஊகம். அதை அதிகாரியிடம் நான் சொன்னால் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் சாட்சியாகிவிடுவேன். ஒருவேளை என் ஊகம் தவறாக இருந்து, அவள் உண்மையிலேயே என்னிடம் பதில் கேட்டிருந்தால்? சத்தியத்துக்குப் பிறகு ஒரு பொய்யான விளக்கம் கொடுத்தவளாவேன். இந்த வரம்பை யாரும் சும்மா போட்டுவைக்கவில்லை. வக்கீலே மொழிபெயர்ப்பாளராகவும் உட்கார முடியாது, சாட்சியை மொழிபெயர்ப்பாளராக ஏற்கமாட்டார்கள் என்பதெல்லாம் இதற்காகத்தான். பாசமுள்ள சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வரிப் பதிலை ஐந்து வரி நல்ல பதிலாக்கி, பிறகு கோப்பில் இருக்கும் தேதியோடு அது முட்டிக்கொண்டு விண்ணப்பமே சிக்கலான கதைகள் எங்கள் வட்டாரத்தில் ஏராளம்.

இவ்வளவும் சரி. ஆனால் முழுமையாக என்று நான் பெருமையடித்துக்கொள்ளும் அந்த முழுமையில் ஓர் ஓட்டை இருக்கிறது.

ஒருமுறை பெரியவர் ஒருவருக்குக் குடியுரிமை நேர்காணலில் மொழிபெயர்த்தேன். 55 வயதைக் கடந்து, 15 ஆண்டுகள் நிரந்தரவாசியாகவும் இருந்தவர்கள் ஆங்கிலத் தேர்வு இல்லாமல் குடிமைக் கேள்விகளுக்குத் தாய்மொழியிலேயே பதில் சொல்லலாம். அந்த வழியில் வந்தவர். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் "முருகா" என்று ஒரு முனகல். செனட்டர்கள் எத்தனை பேர்? முருகா, நூறு பேர். ஒரு முருகாவையும் நான் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. அதிகாரியும் கேட்கவில்லை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த முனகல் அதிகாரிக்குச் சொன்னது அல்ல, அதனால் விட்டேன் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பெண் சொன்னதும் அதிகாரிக்குச் சொன்னது அல்லவே. அவளுடைய அக்காவும் ஒரு முருகாதானோ? இல்லை, முருகன் அந்த அறைக்குள் வந்து பதில் சொல்லித்தர மாட்டார், நான் சொல்லித்தர முடியும், விதி இருப்பது அதற்காகத்தான் என்று எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். வாதம் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் வாதம் நிற்கிறபோதெல்லாம், அவள் என்னை எந்த இடத்தில் வைத்துக் கூப்பிட்டாள் என்பதும் சேர்ந்தே நிற்கிறது.

வெளியே வந்ததும், வண்டி நிறுத்துமிடத்தில் அந்த வக்கீல், "அந்த ஒரு வரியை நீங்கள் விட்டிருக்கலாம். அவருக்குத் தேவையென்றால் என்ன சொன்னாள் என்று கேட்டிருப்பார்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்காகக் கட்டணம் வாங்குகிறவர் அவர். திருமணத்தின்போது சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி, பின்னால் பிரிந்தார்கள் என்பதை மட்டும் வைத்துத் திருமணத்தைப் பொய் என்றுவிட முடியாது என்று 1975இலேயே பார்க் வழக்கில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். காதலைப் பற்றிக் கேட்டபோது அவர் அதைச் சொல்லியிருக்கலாம். கோப்பின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். (எதிர்த்துப் பேசி அதிகாரியின் மனநிலையைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அதுவும் ஒரு தொழில் முடிவுதான். அவருக்கும் அவருடைய இரவுகள் இருக்கும்.)

அவள் கடைசியில் பதில் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு அநியாயம். யாருடைய உதவியும் இல்லாமல், அதிகாரியைப் பார்த்தே சொன்னாள்.

"காதல் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவருக்கு நான்தான் முடி வெட்டுவேன். கடைக்குப் போனால் பேச்சுக் கொடுக்கிறார்கள் என்று அவருக்குப் பிடிக்காது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை காதுக்குப் பின்னால் மிஷின் இழுத்துவிட்டது, ஒரு பக்கம் வழித்தது போலாகிவிட்டது. அப்படியே ஆபீசுக்குப் போனார். ஒன்றும் சொல்லவில்லை."

கடைசியாக எப்போது வெட்டிவிட்டீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"நான் வீட்டை விட்டு வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை."

அப்போதும் அவர் உங்களோடு பேசிக்கொண்டிருந்தாரா?

"இல்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்தார். வெட்டினேன்."

அவர் தட்டச்சு செய்தார். கோப்பில் கூட்டு வங்கிக் கணக்கு இருந்தது, வீட்டு ஒப்பந்தம் இருந்தது, காப்பீட்டுத் தாள் இருந்தது, மாலையும் கழுத்துமாகப் புகைப்படங்கள் இருந்தன. முடி வெட்டியதற்கு அதில் எதுவும் இல்லை. ஆனால் அதை மொழிபெயர்த்தபோது என் குரல் எனக்கே கேட்டது; அந்த வேலையில் நல்ல அறிகுறி அல்ல அது.

சில சமயம் இப்படியும் தோன்றும்: நான் அந்த வரியை விழுங்கியிருந்தால் அதிகாரி சற்றுக் காத்திருந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார், இந்தப் பதில் பதிவாகியே இருக்காது. ஆக, சொன்னதுதான் அவளுக்கு நல்லதாக முடிந்தது. இந்தக் கணக்கை நான் நம்புவதில்லை. சந்தேகத்துக்கு ஆளானால்தான் உண்மை வெளிவரும் என்று அடுத்தவளுக்காக முடிவுசெய்ய நான் யார்? தவிர, முடிவு நல்லதா என்பதே எனக்குத் தெரியாது. ஒப்புதல் கடிதமானாலும் மறுப்புக் கடிதமானாலும் அவளுக்கும் வக்கீலுக்கும் போகும். மொழிபெயர்ப்பாளருக்கு யாரும் எழுதுவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதும் முறையல்ல.

நீதிமன்றங்களில் மொழிபெயர்க்கும் தோழி ஒருத்தியிடம், பெயர் விவரமெல்லாம் இல்லாமல், இதைச் சொன்னேன். "இரண்டு பாதியையும் விளக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் விட்டிருக்க வேண்டும்" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டையும் விளக்குவது என்னால் ஆகாது. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். இரண்டையும் விட்டிருந்தால், உறவினரோ என்ற சந்தேகத்தில் அதிகாரி என்னை வெளியே அனுப்பியிருக்கலாம், அந்த உரிமை அவருக்கு உண்டு. நேர்காணல் வேறொரு நாளுக்குத் தள்ளிப்போயிருக்கும். தற்காலிக நீட்டிப்புக் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு அவள் இன்னும் பல மாதங்கள் வேலைக்கும் வீட்டுக்கும் அலைந்திருப்பாள். அப்படிப் பார்த்தால் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டதும் அவளுக்காகத்தான் என்று தோழியிடம் சொன்னேன்.

"அதை அவளிடம் சொன்னாயா?" என்று கேட்டாள்.

நேர்காணல் முடிந்தபிறகு விண்ணப்பதாரரோடு பேசக் கூடாது என்பது எனக்கு நானே வைத்திருக்கும் விதி. படிவத்தில் அது இல்லை.