தெகிவளைக்கு ஒரு ரிக்கற்

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று தரம் கோல் எடுத்துவிட்டார். வாத்திமாரின் அடியைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள், நான் ஒரு கரடிக் குகையில் தொடங்குகிறேன்.

போன கோடையில் மகன் என்னை லொஸ் ஏஞ்சல்ஸ் கிரிபித் பார்க்கில் இருக்கிற பழைய மிருகக்காட்சிச்சாலைக்கு இழுத்துக்கொண்டு போனான். 1912இல் தொடங்கி 1966இல் மூடியது. மிருகங்களைக் கிட்டவே கட்டிய புதிய இடத்துக்குக் கொண்டுபோய்விட்டு, கூண்டுகளையும் செயற்கைப் பாறைக் குகைகளையும் அப்படியே விட்டுவிட்டார்கள். மிருகம் படுத்த இடத்தில் இப்போது மேசை போட்டுச் சனம் சாப்பிடுகிறது. மகன் துருப்பிடித்த கம்பிக்குப் பின்னால் நின்று பல்லைக் காட்டினான், எனக்கு யாழ்ப்பாணம் ஸ்ரேசன்தான் ஞாபகம் வந்தது.

2002, சமாதான காலம். ஓ.எல் ரியூசனுக்கு ஒளித்துவிட்டு நாலு பேர் சைக்கிளில் அங்கே போனோம். கொழும்பு ரயிலான யாழ்தேவி கடைசியாக வந்து போனது 1990 ஜூனில், அப்போது எங்களுக்கு மூன்று நாலு வயது, ஆகவே அம்மம்மா சொல்லுகிற கோச்சியை எங்கள் செற்றில் ஒருத்தனும் கண்டதாக ஞாபகம் இல்லை. கூரை இல்லை, சுவரெல்லாம் சன்னம் பட்ட ஓட்டை, பிளாட்போமில் ஆளுயரப் பற்றை. தண்டவாளத்தைத் தேடினோம். அதுவும் சிலிப்பர் கட்டையும் எப்போதோ பங்கருக்குப் போய்விட்டன. மிதிவெடிப் பயத்தில் சீமெந்தை விட்டுக் கீழே கால் வைக்கவில்லை, எங்கள் வீரம் அவ்வளவுதான்.

ரிக்கற் கவுண்டரின் ஓட்டை மட்டும் தப்பியிருந்தது. எத்தனை பேர் கை வைத்ததோ, விளிம்பு வழுவழு என்றிருந்தது. ஒருத்தன் உள்ளே போய்க் குந்திக்கொண்டு “எங்கே போகவேணும்?” என்றான். கொழும்புக்குக் கிட்டத் தெகிவளையில்தான் மிருகக்காட்சிச்சாலை, படத்தில் மட்டும் பார்த்த அந்த யானையை நினைத்து “தெகிவளை” என்றேன்.

“ஏன், அங்கே குரங்கு காணாதாமோ?”

சொன்னவன் மூஞ்சியை ஓட்டைக்குள்ளால் நீட்ட, சுருளில் மிச்சமிருந்த கச்சானை எல்லாம் அவனுக்கு எறிந்து முடித்தோம். அவன் இப்போது ஒஸ்லோவில் பல் டொக்டர், இதை வாசிப்பான்.

2014 ஒக்ரோபரில் ரயில் திரும்பி வந்தது. நான் ஊருக்குப் போனது அதற்குப் பிறகு மூன்று வருடம் கழித்துத்தான். ஸ்ரேசனில் புதுப் பெயின்ற், புதுக் கவுண்டர், வரிசை வேறு. என் முறை வந்ததும் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தேன், அந்தப் பெடியன் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு “எங்கே அண்ணை?” என்றான். தெகிவளை வாய்வரை வந்தது. கொடிகாமம் என்றேன், பெரியம்மா சோறு போட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தா.