களத்தில் ஆள் இல்லை

ஆங்கில ஓவியர் சாமுவேல் பாமரின் ‘கதிர் மண்டிய பள்ளத்தாக்கு’ படத்தைப் படியெடுக்க உட்கார்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. 1825-ல் வரைந்தது. பழுப்பு மசி மட்டும்தான், ஏ4 தாளைவிடச் சிறியது. அசல் ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னிடம் இருப்பது அச்சுப்படி.

மசியில் அவர் அரபுப் பிசின் கலந்திருக்கிறார். நம்மூர் வேலம்பிசினுக்குப் பங்காளி. சரி என்று நாட்டுமருந்துக் கடையில் வேலம்பிசின் வாங்கி, ராத்திரி ஊறப்போட்டு, துணியில் வடிகட்டிக் கலந்தேன். முதல் நாள் பிசின் கூடிப்போய்ப் பேனா முள் தாளோடு ஒட்டிக்கொண்டது. அளவு பிடிபட்டதும் காய்ந்த கோட்டில் ஒரு மினுமினுப்பு வந்தது பாருங்கள், நிலவில் வைக்கோல் மின்னுகிற மாதிரியே.

படத்திலும் பெரிய நிலா. சுற்றிலும் கதிர். நடுவில் ஒருவர் சாய்ந்து படுத்துப் புத்தகம் படிக்கிறார். அறுவடை நேரத்தில் எந்த ஊரில் ஐயா இப்படிப் படுக்க விடுவார்கள்?

பாமருக்கு அப்போது வயது 20. லண்டன் புத்தக வியாபாரியின் மகன். அப்புறம்தான் கென்ட் பகுதியின் ஷோர்ஹாமில் போய்ச் சில வருடம் குடியிருந்தார். 1830-ல் அதே கென்டில் கூலியாட்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். குளிர்காலத்தில் கையால் கதிரடித்துத்தான் அவர்களுக்குக் கஞ்சி. இயந்திரம் அதைப் பிடுங்கிக்கொண்டது. வைக்கோல் போர்கள் எரிந்தன. பாமரோ 1832-ல், பழைய ஒழுங்கே நல்லது என்று வாக்காளர்களுக்குத் துண்டுப்பிரசுரம் எழுதினார். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் பேனாவைக் கீழே வைக்க மனம் வரவில்லை. அவ்வளவு அழகு அந்தக் கோடு.

அதே மசியில் எங்கள் ஊர்க் களத்தை ஞாபகத்திலிருந்து வரைந்தேன். போர், பூவரசு, நிலா. அம்மாவிடம் காட்டினேன். கூலிக்கு அறுத்து எங்களை வளர்த்தவர். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. நெல்லை யாருடி தூத்துனது?”

நான் பேசாமல் இருந்தேன்.

“பதரு கண்ணுல விழும். முந்தானையால மூக்கைக் கட்டிக்கிட்டுல்ல நிப்போம்.”

போருக்குப் பக்கத்தில் இரண்டு விரற்கடை இடம் இருக்கிறது. நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் மொட்டைமாடியில் முறத்தோடு வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். “எந்தப் புடவை கட்டிக்க?” என்று கேட்கிறார்.