தெஹ்ரான்: பத்து மடங்கு டாக்சி, பழைய அமெரிக்கத் தூதரகம், ஒரு சட்டி டிசி

ஈரான் போகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை: கையில் ரொக்கம் வேண்டும். அமெரிக்கத் தடைகளால் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் எதுவும் அங்கே செல்லாது. மொத்தப் பயணக் காசையும் இடுப்புப் பையில் கட்டிக்கொண்டு, தூக்கத்திலும் அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஃபெர்தோசி தெரு நாணய மாற்றுக் கடைகளில் மடிப்பு விழாத 100 டாலர் நோட்டுக்குத்தான் ராஜமரியாதை. சுவரில் 'அமெரிக்கா ஒழிக', கல்லாவில் அந்த நோட்டிலுள்ள பெஞ்சமின் ஃபிராங்க்ளின்!

டாக்சிக்காரர் கதைக்கு வருகிறேன். நோட்டில் இருப்பது ரியால், ஊர் பேசுவது தோமான். 10 ரியால் ஒரு தோமான். ஏறும்போது "இரண்டு மில்லியன்" என்றார். ரியால்தானே என்று கேட்டேன், தலையாட்டினார். தாலெகானி தெருவில் இறங்கியதும் தோமான் என்கிறார். பத்து மடங்கு! நான் தமிழில் கத்த, அவர் பாரசீகத்தில் கத்த, வழியில் போன ஒரு கல்லூரிப் பையன் வந்து அவரை அதட்டிப் பேசிய தொகைக்கே முடித்துவைத்தான். எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். பழைய அமெரிக்கத் தூதரகம் என்றதும் சிரித்துவிட்டான்.

அது இப்போது அருங்காட்சியகம். வெளிச்சுவரில் கை ஒடிந்த சுதந்திர தேவி. உள்ளே ஒட்டுக்கேட்க முடியாத கண்ணாடி அறை, சங்கேதக் கருவிகள், நார்நாராகக் கிழித்த பிறகும் உட்கார்ந்து ஒட்டவைத்த ரகசியக் காகிதங்கள். பிரசாரம் காதைப் பிளக்கிறது. ஆனாலும் பார்க்க வேண்டிய இடம்.

அமெரிக்கர்களுக்கு இந்தக் கதை 1979 நவம்பர் 4-ல் தொடங்குகிறது: ஈரானிய மாணவர்கள் இந்தத் தூதரகத்துக்குள் புகுந்து அமெரிக்கர்களைப் பிடித்துவைத்தார்கள், 52 பேருக்கு 444 நாள் சிறை. ஈரானியர்களுக்கு 1953-ல். எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதெக்கை அந்த ஆகஸ்டில் அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவும் பிரிட்டிஷ் உளவுத்துறையும் சேர்ந்து கவிழ்த்தன. நாட்டைவிட்டு ஓடியிருந்த மன்னர் ஷா திரும்பி வந்தார். கூடவே, 1957-ல், சாவாக் என்ற ரகசியப் போலீஸும் வந்தது. 1979 புரட்சியில் துரத்தப்பட்ட அதே ஷாவை அந்த அக்டோபரில் சிகிச்சைக்கென்று அமெரிக்கா உள்ளே விட்டபோது, 'மறுபடியும் கொண்டுவந்து உட்காரவைக்கப் போகிறார்கள்' என்று இவர்கள் பயந்ததில் என்ன ஆச்சரியம்? தூதரகத்துக்குள் புகுந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் "எங்கள் சுதந்திரத்தைப் பார்த்துப் பொறாமை" என்று அமெரிக்க அரசியல்வாதிகள் சொல்லும் விளக்கம் சுத்த அபத்தம். அடுத்தவன் வீட்டு ஆட்சியில் கைவைத்தால் 26 வருடம் கழித்தும் பில் வரும்.

அதற்காக மதகுருமார்களின் இந்த ஆட்சியும் யோக்கியமில்லை. மொசாதெக்கை நட்டாற்றில் விட்டவர்களில் மதகுரு ஆயத்துல்லா காஷானியும் ஒருவர். அதைச் சொல்லும் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. புரட்சிக்குப் பிறகு இவர்களே நிரப்பிய சிறைகளைப் பற்றியும் பேச்சில்லை. வெளியிலிருந்து ஒருவன் கைவைத்ததைக் காட்டியே உள்ளூர்க்காரனின் வாயை அடைக்கலாம். தடைகள் அந்த வேலைக்கு இன்னும் வசதி.

பசியோடு நுழைந்த கடையில்தான் டிசி கிடைத்தது. ஆட்டுக்கறி, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் மணிக்கணக்கில் வெந்த சட்டி. முதலில் சாற்றை வடித்து ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்துச் சாப்பிட வேண்டும். மிச்சத்தை உலக்கை மாதிரி ஒன்றால் நசுக்கி, பச்சை வெங்காயத்தோடு. கொழுப்பு உதட்டில் ஒட்டுகிறது, ஐயோ, அந்த ருசி! எப்படி நசுக்குவது என்று பக்கத்து மேசைப் பெரியவர் காட்டித் தந்தார். அவர் மகள் லாஸ் ஏஞ்சலீஸில். தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் இல்லையே, அதனால் விசாவுக்காக ஆர்மீனியா வரை சொந்தக் காசில் போயிருக்கிறார். கிடைக்கவில்லை. இரண்டு அரசாங்கத்தையும் ஒரே மூச்சில் திட்டிவிட்டு, எனக்கு இன்னொரு ரொட்டி வரவழைத்தார்.

செலவுப் பட்டியல் போடுவதாக இருந்தேன், தோமான் விலை தினமும் மாறுவதால் பிரயோசனமில்லை. டிசிக்கு மதியம் 12 மணிக்கே போய்விடுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும்.